மழைக்கு முன்னமே ஊருக்குள் இறங்குங்கள்

ஒவ்வொரு கார்த்திகையிலும் பிள்ளைகள் வருகிறார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து, விளையாட்டுக் கழகத்திலிருந்து, கோயில் இளைஞர் மன்றத்திலிருந்து, தேவாலயத்திலிருந்து. கையில் தறப்பாளும் உலர் உணவுப் பொதியும் இருக்கும். "அம்மா, எங்க தொடங்கிறது?" என்று கேட்பார்கள். முழங்காலளவு தண்ணீருக்குள் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் வெயில் காயும் இந்த ஆவணியிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் தென்மராட்சிக்காரி. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து எங்கள் பக்கம் வரத் தொடங்கியது. நான்கைந்து லட்சம் பேர் என்பார்கள். அவர்களுக்கு முதல் சோறு போட்டவை கைதடியிலும் சாவகச்சேரியிலும் மீசாலையிலும் இருந்த வீடுகள். நிறுவனங்கள் பிறகுதான் வந்தன. ஐந்து வருடத்துக்குள், 2000ஆம் ஆண்டில், தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. அப்போது எங்களுக்குக் கதவைத் திறந்தவர்களில் பலர் 95இல் நாங்கள் இடம் கொடுத்தவர்கள். அனர்த்தத்தில் முதலில் வந்து நிற்பது அயல்; எல்லோரும் போன பிறகும் நிற்பது அயல். அந்த அயலுக்குத் தோள் கொடுக்கத்தான் நீங்கள் போகிறீர்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த நினைப்பில் எழுதியது.

1. புரட்டாதியில் ஒழுங்கை ஒழுங்கையாக நடவுங்கள்.

குடாநாட்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே புரட்டாதியில் ஊரில் மூத்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு புறப்படுங்கள். "2008இல நிஷாவுக்கு இந்த இடத்தில தண்ணி எவ்வளவு நிண்டது? 2020இல புரெவிக்கு? 2024இல பெங்கலுக்கு?" என்று மூலைக்கு மூலை கேளுங்கள். அவர் காட்டும் உயரத்தைச் சனசமூக நிலையச் சுவரிலும் மின்கம்பத்திலும் பெயின்றால் கோடு போட்டு, ஆண்டையும் எழுதுங்கள். அடுத்த மழைக்கு யார் முதலில் வெளியேற வேண்டும் என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும்.

எங்கள் நிலம் தட்டை. மேடு என்று நாங்கள் சொல்லும் இடமும் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்தான். வழுக்கையாற்றை விட்டால் ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. தண்ணீருக்கு இருந்த வழிகள் மூன்று: குளத்தில் தேங்குவது, வெள்ள வாய்க்காலால் கடலுக்குப் போவது, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குவது. குளங்களில் குப்பை கொட்டி நிரவினோம். வாய்க்காலுக்கு மேல் கடை கட்டினோம். முற்றத்துக்குச் சீமெந்து போட்டோம். முன்பு வளவைச் சுற்றி இருந்தது கிடுகு வேலியும் கதியாலும். வெள்ளம் வேலிக்கு அடியால் மெல்லக் கசிந்து போய்விடும். இப்போது எல்லாம் மதில். ஒரு வீட்டு மதில் பின் ஒழுங்கைக்கு அணைக்கட்டாகிவிடுகிறது. மதிலடியில் துவாரம் விடச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வெயில் காலத்தில் கேட்டால் தேத்தண்ணி தந்து சம்மதிப்பார்கள். வெள்ளத்துக்குள் கேட்டால் அடிபிடி வரும்.

அடைபட்ட மதவுகளின் பட்டியலை எழுதிப் பிரதேச சபையில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள். வடமராட்சிக் கடனீரேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலை செய்பவர்கள், தொண்டைமானாற்றுத் தடுப்பணைக் கதவை எப்போது, யாருடைய உத்தரவில் திறப்பார்கள் என்பதையும் கேட்டறிந்து வையுங்கள்.

2. ஒரு கொப்பி வாங்குங்கள்.

போனில் பட்டியல் வைத்திருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன். மின்சாரம் போய் ஒரு நாள் கழிந்தால் போனும் போய்விடும். காகிதத்தில் எழுதி, சொப்பிங் பையில் சுற்றி வையுங்கள்.

எதை எழுதுவது? கிராம அலுவலரிடம் பதிவு இருக்கிறது. ஆனால் பதிவில் இருப்பவர் எல்லோரும் ஊரில் இல்லை, ஊரில் இருப்பவர் எல்லோரும் பதிவில் இல்லை. வாடகைக்கு வந்தவர்கள், வாடியில் தங்கித் தொழில் செய்பவர்கள், காணிப் பிரச்சினையால் பதிவை மாற்றாமல் இருப்பவர்கள் எல்லோரும் விடுபடுவார்கள். வெள்ளத்தில் அந்தரிப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். கர்ப்பிணிகள் யார், எவருக்கு எத்தனை மாதம் என்பது குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியும். சக்கர நாற்காலியில் இருப்பவர், கண் தெரியாதவர், இன்சுலின் போடுபவர், இரத்தச் சுத்திகரிப்புக்குப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருபவர் என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, அவரைத் தூக்கிச் செல்ல வேண்டிய இரண்டு பேரின் பெயரை எழுதுங்கள். அந்த இரண்டு பேரும் அதே ஒழுங்கைக்காரராக இருக்க வேண்டும். நீங்கள் கோப்பாயிலிருந்து வந்து சேர்வதற்குள் தண்ணீர் ஏறிவிடும்.

எங்கள் ஊர்களுக்கென்றே ஒரு கவலையான விடயம் இருக்கிறது. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்க, பெரிய மாடி வீட்டுக்குள் எண்பது வயது அம்மா தனியே இருப்பார். வெளியில் பார்ப்பவர்களுக்கு அது வசதியான வீடு; நிவாரணப் பட்டியலில் வராது. ஆனால் கதவைத் தட்ட ஆளில்லாத வீடு அது. அந்த அம்மாவின் பெயரையும், வெளிநாட்டுப் பிள்ளையின் இலக்கத்தையும், திறப்பு எந்த அயல்வீட்டில் இருக்கிறது என்பதையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

3. எச்சரிக்கை ஆளுக்கு ஆள் போய்ச் சேர வேண்டும்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு மறுநாள். சுமாத்திராவுக்கு அப்பால் காலை 6.58க்கு நிலம் அதிர்ந்தது. அலை எங்கள் கரைக்கு வர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. அந்த நேரம் உடுத்துறையிலிருந்தும் ஆழியவளையிலிருந்தும் மருதங்கேணியிலிருந்தும் எல்லோரும் நடந்தே தப்பியிருக்கப் போதும். சொல்ல ஆளில்லை. நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் போனார்கள். உடுத்துறை நினைவாலயத்துக்கு ஒருமுறை போய் அங்குள்ள பெயர்களைப் படித்துவிட்டு இந்த வேலைக்கு வாருங்கள்.

அதற்குப் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் வந்தது, 117 என்ற அவசர அழைப்பு இலக்கம் வந்தது, கரையோர எச்சரிக்கைக் கோபுரங்கள் வந்தன. 2012 ஏப்ரல் 11 சுமாத்திராவுக்கு அப்பால் மறுபடி பெரிய அதிர்வு வந்தபோது கரையோரச் சனம் உள்ளே நகர்ந்தது. அலை வரவில்லை. "வீணா ஓட வைச்சிட்டாங்கள்" என்று சிலர் கோபப்பட்டார்கள். அப்படிச் சொல்பவர்களோடு பொறுமையாக இருந்து பேசுங்கள். அலை வராத நாளில் ஓடிப் பழகியவர்தான் வரும் நாளில் வழி தெரிந்து ஓடுவார்.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலை வாசியுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல்துறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா தமிழில் தரும் விளக்கங்களை எங்கள் விவசாயிகளும் கடற்றொழிலாளரும் பின்பற்றுகிறார்கள், நீங்களும் பின்பற்றுங்கள். யார் அனுப்பினார் என்று தெரியாமல் வட்ஸ்அப்பில் சுற்றும் குரல்பதிவு எதையும் கடத்தாதீர்கள்.

வந்த செய்தியைக் கடைசி வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் உங்கள் வேலை. கோயில் ஒலிபெருக்கியின் திறப்பு யாரிடம், தேவாலய மணியை அடிப்பது யார், கடற்றொழிலாளர் சங்கத்தில் அன்றைக்குக் கடலுக்குப் போன படகுகளைக் கணக்கு வைப்பது யார், குறிகட்டுவானிலிருந்து படகு ஓடாவிட்டால் நெடுந்தீவிலும் அனலைதீவிலும் எவருக்குத் தகவல் சொல்வது என்பனவற்றை வாடைக்காற்று தொடங்குமுன் முடிவுசெய்து வையுங்கள். காது கேளாதவரின் கதவை ஆள் போய்த்தான் தட்ட வேண்டும். இன்றைய வங்காளதேசத்தில் 1970 புயல் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களை எடுத்தது. அதன் பின் அவர்கள் ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கினார்கள். கொடியும் கைஒலிபெருக்கியும் கொடுத்து, சைக்கிளில் போய்ச் சொல்ல வைத்தார்கள். 2007இல் சித்ர் என்ற கடும்புயல் வந்தபோது இறந்தவர்கள் சில ஆயிரம். அதுவும் பெரிய இழப்புத்தான். ஆனாலும் அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு சைக்கிளில் போன அந்தத் தொண்டர்களையும், ஓடிப் போய் ஒதுங்கக் கட்டிவைத்த புகலிடங்களையும் சேரும்.

4. உறுதி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம். இவற்றை ஒரு தடித்த பையில் போட்டு, வாசலுக்குக் கிட்ட உயரத்தில் தொங்கவிடச் சொல்லி வீடு வீடாகச் சொல்லுங்கள். இடப்பெயர்வில் காணி உறுதியைத் தொலைத்தவர்கள் பட்ட பாடு இங்கே எவருக்கும் புதிதில்லை.

5. மணல் மேட்டைக் காப்பதும் இந்த வேலைதான்.

மணற்காட்டிலும் குடத்தனையிலும் அம்பனிலும் நிற்கும் மணல் மேடுகள் கடலுக்கும் ஊருக்கும் நடுவே உள்ள காவல். இரவில் உழவு இயந்திரத்தில் அள்ளிப் போகிறார்கள். தடுக்கப் போவது ஆபத்தானது; தனியே போகாதீர்கள். படம் எடுத்து, திகதி போட்டு, ஊர்ச் சங்கத்தின் பெயரில் பிரதேச செயலகத்துக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் எழுதுங்கள், பதில் வரும்வரை எழுதுங்கள்.

6. முதல் நாள் சமைத்த சாப்பாடு, அதையும் ஊரே சமைக்கட்டும்.

அடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்போது பச்சை அரிசிப் பொதியை வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன செய்வாள்? முதல் மூன்று நாளுக்குச் சமைத்த உணவுதான் தேவை. ஆனால் யாழ்ப்பாண நகரத்தில் சமைத்துப் பார்சல் கட்டிக் கொண்டுபோகும்போது பாதி பழுதாகும். மேட்டில் இருக்கும் பாடசாலையிலோ கோயில் மடத்திலோ மாதர் சங்கத்தை அடுப்பு மூட்டச் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுபோக வேண்டியது அரிசி, பருப்பு, தேங்காய், பெரிய கிடாரம், காஸ் சிலிண்டர். காய்ந்த விறகை ஒருவரும் நினைப்பதில்லை, அதையும் ஏற்றுங்கள். பாலூட்டும் தாய்மாருக்கும் சலரோகக்காரருக்கும் என்ன வேண்டும் என்று சமைக்கும் பெண்களுக்கே தெரியும். வீட்டை இழந்த பெண் தன் கையால் ஊருக்குச் சோறு போடும்போது அவளுடைய முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2008 நவம்பரில் நிஷா வந்தபோது ஏ9 பாதை மூடிக் கிடந்தது. குடாநாட்டுக்குப் பொருள் கப்பலில்தான் வந்தது. அந்த நாட்களில் ஒடியல் மாவும் புழுக்கொடியலும் இருந்த வீடுகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. மாரிக்கு முன் அவற்றைச் சேர்த்து வைக்கும் பழக்கம் விட்டுப்போகிறது. உங்கள் வீட்டிலாவது வையுங்கள்.

7. கிணறு.

இதைப் பற்றி விரிவாகவே சொல்லப்போகிறேன். புதிதாக வருபவர்கள் நல்ல மனத்தோடு அதிகம் கெடுப்பது இங்கேதான்.

குடாநாட்டில் நாங்கள் பெரும்பாலும் குடிப்பது மழை தந்த நிலத்தடி நீர். சுண்ணாம்புக் கல்லுக்குள் அந்த நன்னீர், அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி கீழே போனால், அடியிலிருந்து உப்புநீர் ஏறக்குறைய நாற்பது அடி மேலே வரப் பார்க்கும் என்பது நீரியல் கணக்கு. எனவே கிணற்றில் கைவைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: உள்ளே போனது மழை வெள்ளமா, கடலா?

மழை வெள்ளம் என்றால் பயம் மலக்குழிதான். எங்கள் வளவுகள் சிறியவை. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் முப்பது மீற்றர் இடைவெளி வேண்டும் என்பார்கள், அது பல வீடுகளில் இல்லை. சுண்ணாம்புக் கல் வெடிப்புகளால் அழுக்கு எளிதில் பரவும். தண்ணீர் வடிந்ததும் கிணற்றை இறைத்து, கட்டைத் தேய்த்துக் கழுவி, குளோரின் இடுங்கள். அளவை நீங்கள் ஊகிக்க வேண்டாம். பொதுச் சுகாதார பரிசோதகர் கிணற்றின் விட்டத்தையும் நீர் ஆழத்தையும் அளந்து சொல்வார். குழாயிலோ தாங்கியிலோ குடிநீராகக் கொடுக்கும்போது லீற்றருக்கு அரை மில்லிகிராம் அளவு மிச்சக் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு பெட்டி அவரிடம் இருக்கும். அதைப் பார்க்கப் பழகுங்கள். அதுவரை கொதித்தாறிய நீர். "குளோரின் மணக்குது, குடிக்கேலாது" என்று சனம் சொல்லும். வாயகன்ற பாத்திரத்தில் சிறிது நேரம் திறந்து வைத்தால் மணம் குறையும் என்று செய்து காட்டுங்கள்.

கடல் உள்ளே வந்திருந்தால் கதை வேறு. சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் பல நிறுவனங்கள் பெரிய பம்பிகளைக் கொண்டுவந்து கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தன. உப்பு குறையவில்லை, பல இடங்களில் அடியிலிருந்த உவர்நீர் மேலே ஏறியது. ஆராய்ந்தவர்கள் பிறகு சொன்னது: ஒருமுறை மெதுவாக இறைத்துக் குப்பையையும் சேற்றையும் எடுங்கள், பிறகு விடுங்கள், பருவமழை கழுவட்டும். அந்த மாதங்களுக்குப் பவுசரில் தண்ணீர் கொடுக்க ஒழுங்கு செய்வதுதான் உதவி. பம்பி பிடித்துப் படம் எடுப்பது எளிது. ஆறு மாதம் பவுசருக்கு அலைவது கடினம். கடினமானதைச் செய்யுங்கள்.

8. வெள்ளம் வடிந்த பிறகு காய்ச்சலைக் கவனியுங்கள்.

2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் சிலர் காய்ச்சல் வந்து அடுத்தடுத்து இறந்தார்கள். முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள்; பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. வெள்ளம் நின்ற வயலில் காலில் புண்ணோடு இறங்கியவருக்கு வரக்கூடியது அது. காய்ச்சலோடு தசைநோவும் கண் சிவப்பும் இருந்தால் பனடோலோடு வீட்டில் படுத்திருக்க விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை கொடுக்கும். யார் யாருக்கு என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். வயிற்றோட்டத்துக்கு ஜீவனி பைக்கற்றை எப்படிக் கரைப்பது என்று ஒவ்வொரு முகாமிலும் ஒரு தாய்க்காவது காட்டிக்கொடுங்கள். சேற்றுக்குள் இறங்கும் நீங்களும் பூட்ஸ் போடுங்கள், ஏற்பு ஊசி போட்டுக்கொள்ளுங்கள், இரவில் தனியே இறங்காதீர்கள்.

9. நலன்புரி நிலையத்தில் முதலில் மலசலகூடத்தைப் பாருங்கள், பிறகு வெளிச்சத்தை, பிறகு யார் எங்கே இருத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதை.

இருபது பேருக்கு ஒரு மலசலகூடம், ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து லீற்றர் தண்ணீர், ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீற்றர் இடம். உலகெங்கும் நிவாரணப் பணியாளர் வைத்திருக்கும் ஸ்பியர் அளவுகள் இவை. மனப்பாடம் செய்யுங்கள். பெண்களுடையது வேறாக, உள்ளே கொளுக்கியோடு, வழியில் வெளிச்சத்தோடு இருக்க வேண்டும். மாதவிடாய்த் துணியைப் பெண் தொண்டரே கொடுக்க வேண்டும். உங்கள் குழுவில் பெண்கள் இல்லையென்றால், பெண்களைச் சேர்த்த பிறகு போங்கள்.

அடுத்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். எங்கள் சமூகத்தில் சாதி வெள்ளத்திலும் கரைவதில்லை. ஒரே பாடசாலைக்குள் ஒரு பகுதியார் வகுப்பறையிலும் இன்னொரு பகுதியார் விறாந்தையிலும் இருக்கக் காண்பீர்கள். ஒரு கிணற்றில் எல்லோரும் அள்ள முடியாதிருக்கும். "அவையள் அங்கதான் இருக்க விரும்பினவை" என்று எவராவது உங்களுக்குச் சொல்வார். நம்பாதீர்கள். விறாந்தையில் இருப்பவர்களிடம் தனியே கேளுங்கள். வாளியைப் பொதுவாக வையுங்கள், வரிசையைப் பொதுவாக வையுங்கள், சமைக்கும் குழுவில் எல்லோரையும் சேருங்கள். முரண்பட்டால் அதிகாரியைக் கூப்பிடுங்கள். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் ஒரு பகுதியார் கோணப்புலம் போன்ற முகாம்களில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் இருந்தார்கள். மற்றவர்கள் காணி வாங்கியோ உறவினரிடமோ போனார்கள். போக நிலமும் உறவும் இல்லாதவர்கள் அங்கேயே பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் கலியாணமும் செய்துவைத்தார்கள். யார் முகாமில் கடைசியாக மிஞ்சுகிறார்கள் என்று எப்போதும் பாருங்கள். உங்கள் வேலை அவர்களுக்காகத்தான்.

10. முகமாலை, நாகர்கோவில் போன்று முன்னரங்குகள் இருந்த இடங்களில் வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருளை வெளியே கொண்டுவரும், இடம் மாற்றியும் விடும். பழைய அடையாளப் பலகையை நம்பி நடக்காதீர்கள். சந்தேகமான எதையும் தொடாமல், வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பி, பொலிஸுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மாரியும் இதை மறுபடி சொல்ல வேண்டும்.

11. கொடுப்பதைச் சபையில் வைத்துக் கொடுங்கள்.

யாருக்கு என்ன கிடைக்கிறது என்ற பட்டியலை ஊர்க்கூட்டத்தில் உரத்து வாசியுங்கள். ஆட்சேபம் வந்தால் அங்கேயே திருத்துங்கள். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கரையெங்கும் படகுகள் வந்து குவிந்தன. தொழில் தெரியாதவருக்கும் படகு கிடைத்தது, சில இடங்களில் இழந்ததைவிட அதிகமான சிறு படகுகள் வந்தன. அதே கரையில், சொந்தப் படகு இல்லாமல் கூலிக்குக் கடலுக்குப் போனவரும், கரைவலை இழுத்தவரும், மீன் கூடை சுமந்து விற்ற பெண்ணும், கருவாடு காயப்போட்ட பெண்ணும் "இழந்த சொத்து" என்ற பகுதிக்குள் எழுத ஒன்றுமில்லாமல் நின்றார்கள். விண்ணப்பப் படிவம் கேட்பது சொத்தை. நீங்கள் கேளுங்கள், "நேற்றுவரை என்ன செய்து சாப்பிட்டீங்கள்?" என்று.

மேலிடத்துத் தீர்மானங்களையும் படித்து வையுங்கள். கரையிலிருந்து தெற்கில் 100 மீற்றர், வடக்கு கிழக்கில் 200 மீற்றர் வரை வீடு கட்டக் கூடாது என்று சுனாமிக்குப் பின் அறிவித்தார்கள். வள்ளமும் வலையும் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கடற்றொழிலாளி எப்படி இருப்பான் என்று கரையிலிருந்தவர்களைக் கேட்கவில்லை. பின்னர் அந்த எல்லையைத் தளர்த்த வேண்டிவந்தது. சுனாமி நிவாரணத்தைச் சேர்ந்து நிர்வகிக்க 2005 ஜூனில் கையெழுத்தான பொதுக்கட்டமைப்பு உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையோடு நின்றுபோனது. அரசியலை மாற்ற உங்களால் முடியாமல் போகலாம். ஊரவரை அந்த மேசைக்குக் கொண்டுபோக முடியும். கூட்டத்துக்கு நீங்கள் போகாமல் அவர்களை அனுப்புங்கள். பஸ் காசைக் கொடுங்கள்.

வேறு மாவட்டத்துக்குப் போகும்போது உங்கள் அனுபவத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் மலைகளைச் சரித்து நூற்றுக்கணக்கானோரைப் புதைத்தது. அங்கே ஆபத்து மேலிருந்து வருவது. மேட்டுக்குப் போகச் சொல்லும் எங்கள் பழக்கம் சரிவான நிலத்தில் ஆளைக் கொல்லும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் லயன்களில் இருப்பவர்களின் சொல்லையும் கேட்டே நடவுங்கள்.

12. துயரத்தைக் கிண்டாதீர்கள்.

"என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று முதல் நாளே கேட்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. உதவ வந்தவர் கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று சனம் நினைக்கும். சொல்லிவிட்டு இரவெல்லாம் நித்திரையில்லாமல் கிடக்கும். அருகில் இருங்கள். தண்ணீர் கொடுங்கள். காணாமற்போன உறவினரைத் தேட உதவுங்கள். அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், இடையில் மறிக்காதீர்கள், "காலம் ஆற்றும்" என்று சொல்லாதீர்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்தமும் சுனாமியும் எங்கள் சமூகத்துக்குச் செய்ததைப் பல வருடங்கள் ஆராய்ந்து, காயம் தனி மனிதருக்கு மட்டும் அல்ல, குடும்பத்துக்கும் ஊருக்கும் கூட்டாகப் பட்டிருக்கிறது என்று எழுதினார். கூட்டாகப் பட்ட காயத்துக்கு மருந்தும் கூட்டாகத்தான். எட்டுச் செலவு, கீரிமலையில் அந்தியேட்டி, தேவாலயத்தில் ஆத்தும சாந்திப் பூசை என்று அவரவர் முறைப்படி செய்ய வழி பண்ணுங்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு இது இன்னும் முக்கியம். கோயில் திருவிழாவையும் பாடசாலை விளையாட்டுப் போட்டியையும் இயன்ற விரைவில் மறுபடி நடத்துங்கள். வாரங்கள் கழித்தும் எழும்பாமல், சாப்பிடாமல், சாவைப் பற்றியே பேசுபவரை ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கோ சாந்திகம் போன்ற உளவள ஆலோசனை நிலையத்துக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். இலக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அழும் மனிதரைப் படம் எடுக்காதீர்கள். காசு அனுப்பியவர் கேட்டாலும் எடுக்காதீர்கள்.

13. தை பிறந்த பிறகும் போங்கள்.

அப்போது லொறிகள் நின்றிருக்கும். கடன்காரர் வரத் தொடங்கியிருப்பார். வடக்கில் எத்தனை பெண்கள் நுண்கடன் குழுக்களில் மாட்டியிருக்கிறார்கள் என்பது நாடறிந்த விடயம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் அந்தக் கடன்களில் ஒரு பகுதியை அரசே ஏற்றுத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. வெள்ளத்துக்கு அடுத்த மாதம் தவணை கேட்டு ஆள் வந்தால், அந்தப் பெண் தோட்டைக் கழற்றுவாள், அல்லது இந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன் எடுப்பாள். மாதர் சங்கத்தோடு போய், தவணையைத் தள்ளிவைக்கக் கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வட்டிக்கு எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

நெல் அழிந்தவருக்கு நட்டஈட்டுப் படிவம் நிரப்ப ஆள் வேண்டும். கமநல சேவை நிலையத்தில் முடிவுத் திகதியைக் கேட்டு, ஒரு வாரம் முன்பே ஊரில் மேசை போட்டு உட்காருங்கள். வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் வைத்தவர்களில் பலர் எந்தக் காப்புறுதியிலும் இல்லாதிருப்பார்கள். அவர்களுக்குக் காசைவிடப் பெரிது நடுகைப் பொருள், அதுவும் பருவம் தவறாமல். விதைவெங்காயம் பிந்தி வந்தால் அது கறிக்குத்தான் போகும். விவசாயப் போதனாசிரியரிடம் அந்த ஊர் மண்ணில் எதுவரை நடலாம் என்று கேட்டு, அந்தத் திகதிக்கு இரண்டு வாரம் முன்னதாக விதை தோட்டக்காரரின் கையில் இருக்கும்படி பணத்தையும் லொறியையும் ஒழுங்கு செய்யுங்கள்.